அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு விதை டப்பா

"சியா விதை நல்லதா? ஆளி விதையை அப்படியே மெல்லலாமா? பையனின் டிபன் பாக்ஸில் எப்படிப் போட்டுக் கொடுத்தால் திரும்பி வராமல் இருக்கும்? கேக்கில் விதை சேர்த்தால் சத்து போய்விடுமா?"

கொஞ்ச நாளாகவே மந்தைவெளி, அடையாறு, தி.நகர் என்று பல இடங்களிலிருந்தும் தோழிகள் இதையேதான் வெவ்வேறு விதமாகக் கேட்டு எழுதுகிறீர்கள். காரணம் இல்லாமல் இல்லை. தி.நகரில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி முழுக்க விதைகள்தான். சியா, ஆளி, பூசணி, சூரியகாந்தி, முலாம்பழம், எல்லாம் கலந்த 'மிக்ஸ்' என்று பளபளக்கும் பாக்கெட்டுகள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாங்காமல் வந்தால் பிள்ளைகளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டது போல மனசு உறுத்துகிறது.

முதலில் அந்த உறுத்தலை இறக்கி வைப்போம். விதை நமக்குப் புதுசு இல்லை. சமையலுக்கு ஊற்றுகிற எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் 'எண்ணெய்' என்ற பெயரே எள்+நெய் என்பதிலிருந்து வந்ததுதான். கடுகு, வெந்தயம், கசகசா, எள் எல்லாம் விதைகள்தானே? இவற்றில் எள், வெள்ளரி விதை போன்ற சத்தான சிலவற்றைப் பண்டிகைக்கும் பலகாரத்துக்கும் மட்டும் எடுத்துவிட்டு, மற்ற நாளில் மூடி வைத்துவிட்டோம். அவற்றை எப்படித் தினசரித் தட்டுக்குக் கொண்டு வருவது, புதிதாக வந்தவற்றில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று இந்த வாரம் பார்க்கலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

இந்தியர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதன் பூர்விகம் நம் குன்னூர்தான் தெரியுமா? 1918-ல் அங்குள்ள பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோனது.

அந்த நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், சுமார் 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாள் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி., எண்ணெய், கொழுப்பு 27 கிராம். கொட்டைகளும் விதைகளும் சேர்ந்து 35 கிராம்.

35 கிராம் என்றால் நம் சமையலறைக் கணக்கில் எவ்வளவு? ஒரு மேசைக்கரண்டி எள், ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடி, ஒரு சின்னக் கைப்பிடி நிலக்கடலை. அவ்வளவுதான். இதில் மூன்றில் இரண்டு பங்கு மளிகைக் கடைச் சாமான். வெளிநாட்டு விதை எதுவும் இல்லாமலே கணக்கு நேராகிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த 35 கிராமில் ஏறக்குறைய 200 கலோரி இருக்கிறது. ஏற்கெனவே சாப்பிடுவதோடு இதையும் 'கூடுதலாக'ச் சேர்த்தால் எடைதான் ஏறும். எதற்காவது பதிலாக வர வேண்டும். தேங்காய்த் துவையலில் பாதித் தேங்காய்க்குப் பதில் எள், மாலையில் மிக்சர் கிண்ணத்துக்குப் பதில் வறுத்த பரங்கி விதை, இட்லிப் பொடியில் கொஞ்சம் பருப்புக்குப் பதில் ஆளி விதை என்று மாற்றிப் பாருங்கள்.

எள்ளை ஏன் தள்ளி வைத்தோம்?

ஹரப்பாவில் தோண்டியபோது கருகிய எள் கிடைத்திருக்கிறது. 4,000 வருடத்துக்கும் மேற்பட்ட பழக்கம் நமக்கு. இன்றைக்கும் காவிரி டெல்டாவில் நெல் அறுத்த வயலில் கோடையில் எள் விதைக்கிறார்கள். கடையில் டி.எம்.வி. என்ற எழுத்தோடு எள் ரகங்களின் பெயர் காதில் விழுந்திருந்தால், அது திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது என்று அர்த்தம். இவ்வளவு பக்கத்தில் விளைகிறது.

ஆனாலும் மயிலாப்பூர் வீடுகளில் எள் டப்பாவுக்குத் தனி மரியாதை, தனி பயம் இரண்டும் உண்டு. அமாவாசைத் தர்ப்பணத்துக்கும், திவசத்துக்கும் எள் வேண்டும் என்பதால், "சும்மா நாளில் எள் எதற்கு?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எள்ளைக் கையில் கொடுக்கக் கூடாது, கடன் வாங்கக் கூடாது, அடுத்த வீட்டுக்குக் கொடுத்து அனுப்பக் கூடாது என்றெல்லாம் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள்.

அதே பெரியவர்கள்தான் கிருஷ்ண ஜயந்திச் சீடையில் எள் போடுவார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு எள்ளுப் பூரணக் கொழுக்கட்டை பிடிப்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு எள்ளோரை தளிகை போடுவார்கள். நாம் பொங்கல் கொண்டாடும் அதே நாளில் கர்நாடகத்தில் எள்ளும் வெல்லமும், மகாராஷ்டிரத்தில் எள்ளுருண்டையும் வீடு வீடாகக் கையில் கொடுத்து, இனிமையாகப் பேசு என்று வாழ்த்துகிறார்கள். ஒரே விதைதான். வீட்டில் பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்றால், தர்ப்பணத்துக்கு வாங்குவதைத் தனியாகவும், சமையலுக்கு வறுத்து வைப்பதைத் தனியாகவும் வைத்துவிடுங்கள். பல வீடுகளில் அதோடு பிரச்னை தீர்ந்துவிடும். வறுத்துப் பொடித்து மிளகாய்ப் பொடியில் கலந்துவிட்டால் கேள்வியே வராது!

கறுப்பா, வெள்ளையா?

நிறத்தைவிட முக்கியம் தோல். எள்ளின் கால்சியம் பெரும்பாலும் அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது. தோலுள்ள எள் 100 கிராமில் ஏறக்குறைய 1,000 மில்லிகிராமோ அதற்கு மேலோ கால்சியம் இருக்கும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் அது 100 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பர்கர் பன் மேலே முத்து மாதிரி மின்னுகிறதே, அது தோல் நீக்கியது. அழகுக்குச் சரி, கால்சியத்துக்கு உதவாது.

தோலோடு இருக்கும் வெள்ளை எள் கொஞ்சம் மங்கலாக, பழுப்பு கலந்த சந்தன நிறத்தில், விரலில் தேய்த்தால் லேசாகச் சொரசொரவென்று இருக்கும். கறுப்பு எள், சிவப்பு எள் என்றால் சந்தேகமே வேண்டாம். நிறம் தோலில்தான் இருக்கிறது, அதனால் தோல் போகவில்லை என்று அர்த்தம்.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். தோலில் இருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதி ஆக்சலேட்டோடு பிணைந்திருக்கிறது. அத்தனையும் உடம்பில் சேராது. ஒரு மேசைக்கரண்டி எள்ளில் காகிதக் கணக்குப்படி சுமார் 100 மில்லிகிராம் கால்சியம் வரும், பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 1,000 மில்லிகிராம். ஆகவே எள் சாப்பிடுகிறேன் என்று பால், தயிர், கேழ்வரகு, கீரையை நிறுத்திவிடாதீர்கள். எள் அவற்றோடு சேர்ந்து கை கொடுக்கும்.

ஆளி விதை: கடையில் கேட்பதற்கு முன்

கச்சேரி சாலைப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது.

"அண்ணாச்சி, ஆளி விதை நூறு கிராம் குடுங்க."

"எது வேணும் மாமி? லட்டு புடிக்கிறதா, பொடி பண்றதா?"

கேள்வி நியாயமானது. ஆளி விதை, ஆளி விரை என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு விதைகள் புழங்குகின்றன. ஒன்று ஃபிளாக்ஸ் சீட், வடக்கே 'அல்சி'. தட்டையாக, நீள்வட்டமாக, பழுப்பு நிறத்தில் மினுமினுக்கும். இன்னொன்று வடக்கே 'ஹலீம்' அல்லது 'அளிவ்' எனப்படுவது. மிகச் சின்னது, செங்கல் சிவப்பு, தண்ணீரில் போட்டால் வழவழவென்று ஊறிக்கொள்ளும். பிரசவித்த பெண்களுக்கு மகாராஷ்டிரத்தில் லட்டு பிடித்துக் கொடுப்பது இந்த இரண்டாவதைத்தான். இரண்டும் நல்லவையே. ஆனால் ஒன்றுக்குச் சொன்ன குறிப்பை மற்றதில் செய்தால் பண்டம் கெட்டுவிடும். அதனால் "ஃபிளாக்ஸா, ஹலீமா" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

ஃபிளாக்ஸ் எனப்படும் ஆளி விதையின் பெருமை அதில் உள்ள ஒமேகா-3 வகைக் கொழுப்பு. மீன் சாப்பிடாத வீடுகளுக்கு இது கிடைக்கும் வழிகள் குறைவு. எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்தக் கொழுப்புதான். தாவரத்தில் இருக்கும் ஒமேகா-3 உடம்பில் மீன் எண்ணெய் வகையாக மாறுவது கொஞ்சம்தான் என்றாலும், சைவச் சாப்பாட்டில் இது நல்ல சேர்க்கை.

இரண்டு விதிகள். முதலாவது, பொடி செய்துதான் சாப்பிட வேண்டும். முழு விதையின் ஓடு கெட்டி. மெல்லாமல் விழுங்கினால் வந்த வழியே போய்விடும். இரண்டாவது, பொடித்ததை வெளியில் வைக்கக் கூடாது. கிரிக்கெட் மட்டைக்குத் தடவுகிறார்களே லின்சீட் எண்ணெய், அது இந்த விதையின் எண்ணெய்தான். பெயின்ட்டிலும் சேர்க்கிறார்கள். காற்று பட்டால் மாறிவிடும் குணம் அதற்கு. உங்கள் ஆளி விதைப் பொடியில் பெயின்ட் வாடையோ கசப்போ வந்தால், யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

பரங்கி, வெள்ளரி, சூரியகாந்தி

பரங்கிக்காய் நறுக்கும்போது குடலோடு விதையையும் வழித்துத் தூக்கிப் போடுகிறோம். கடையில் பச்சை நிறத்தில் 'பம்ப்கின் சீட்' என்று விலை கொடுத்து வாங்குவது அதன் உள்பருப்பைத்தான். நல்ல முற்றிய பரங்கிக்காயாக இருந்தால் விதையைக் கழுவி, வழவழப்பு போகத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, வாணலியில் உப்புத் தெளித்து வறுத்தால் மாலை நேரத்துக்குக் கொறிக்க ஆச்சு. மக்னீசியமும் துத்தநாகமும் இதில் நன்றாக இருக்கின்றன.

வெள்ளரி விதை நமக்குப் பழைய நண்பன். கோதுமை அல்வாவிலும் பாதாம் பாலிலும் மிதக்கும். அதையே குருமாவில் முந்திரிக்குப் பதிலாக ஊற வைத்து அரைத்துப் பாருங்கள். கெட்டியும் வரும், செலவும் குறையும். சூரியகாந்தி விதையில் வைட்டமின் இ அதிகம். வெண்பொங்கலில் முந்திரியோடு பாதிக்குப் பாதி நெய்யில் வறுத்துப் போட்டால் குழந்தைகள் வித்தியாசம் கண்டுபிடிப்பதில்லை.

சியா, சப்ஜா, கசகசா: மூன்றும் வேறு வேறு

சியா மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பயிர். இப்போது மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் கர்நாடகத்திலும் விளைகிறது. நல்ல விதைதான், நார்ச்சத்தும் ஒமேகா-3-யும் உண்டு. ஆனால் கட்டாயம் இல்லை. ஆளி விதை வாங்குபவர்கள் சியாவும் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

சப்ஜா என்பது திருநீற்றுப் பச்சிலையின் விதை. ஃபலூடாவில் கறுப்புக் கண் மாதிரி மிதப்பது. சில நிமிடத்தில் ஊறிவிடும். சியா ஊற அரை மணி நேரமாவது ஆகும். இரண்டையுமே ஊறிய பிறகுதான் சாப்பிட வேண்டும். உலர்ந்த சியாவை வாயில் போட்டு விழுங்கிவிட்டு மேலே தண்ணீர் குடித்த ஒருவருக்கு, அது உணவுக்குழாயிலேயே வீங்கி அடைத்துக்கொண்ட சம்பவம் மருத்துவப் பதிவில் இருக்கிறது.

கசகசா பற்றி வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற இடங்களில் அதற்குத் தடை இருக்கிறது. அபின் செடியின் விதை என்பதால்! ஊருக்குக் கட்டிக் கொடுக்கும் குருமாப் பொடியிலும், மசாலாவிலும் கசகசா சேர்க்காதீர்கள்.

தினசரிச் சமையலுக்கு மூன்று வழிகள்

*எள் - ஆளி விதை இட்லிப் பொடி:* உளுத்தம்பருப்பு 1 கப், கடலைப் பருப்பு அரை கப், கறுப்பு எள் அரை கப், ஆளி விதை கால் கப், மிளகாய் வற்றல் 15, பெருங்காயம் ஒரு துண்டு, கல் உப்பு தேவைக்கு. ஒவ்வொன்றையும் எண்ணெய் இல்லாமல் தனித்தனியாக வறுக்கவும். எள்ளும் ஆளி விதையும் படபடவென்று பொரியும்போதே இறக்கிவிட வேண்டும், கருகினால் கசக்கும். முழுவதும் ஆறிய பிறகு பருப்பு, மிளகாய், உப்பு, பெருங்காயத்தைக் கொரகொரப்பாக அரைக்கவும். கடைசியில் எள்ளையும் ஆளி விதையையும் சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டவும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும். ஆளி விதை இருப்பதால் பத்துப் பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் செய்து, ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள்.

*பரங்கி விதைத் துவையல்:* உரித்த பரங்கி விதை 4 மேசைக்கரண்டி, உளுத்தம்பருப்பு 2 மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் 4 இவற்றைச் சொட்டு நல்லெண்ணெயில் வறுத்து, 2 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், சுண்டைக்காயளவு புளி, உப்புச் சேர்த்துக் கெட்டியாக அரைக்கவும். சூடான சாதத்தில் பிசையலாம், தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

*எதிலும் தூவும் பொடி:* வறுத்த எள் 4 பங்கு, வறுத்த ஆளி விதை 2 பங்கு, சீரகம் 1 பங்கு, கொஞ்சம் உப்பு. கொரகொரப்பாகப் பொடித்து வையுங்கள். பீன்ஸ், கோஸ், வாழைக்காய் எந்தக் கறியானாலும் இறக்கும்போது ஒரு கரண்டி. தயிர்ப் பச்சடி மேலே ஒரு சிட்டிகை. சப்பாத்தி மாவு பிசையும்போது ஆளுக்கு ஒரு டீஸ்பூன்.

இதோடு ஒரு சின்ன பழக்கம். விதையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வேண்டுமானால் கூடவே புளிப்பான பழமோ காயோ இருக்க வேண்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா எது கிடைத்தாலும் சரி. இட்லிக்கும் பொடிக்கும் மேலேயே சுடச்சுட ஃபில்டர் காபி குடிப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். காபி, டீ இரண்டுமே அந்த இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். காபியை நிறுத்தச் சொன்னால் மயிலாப்பூரில் யாரும் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டீர்கள்! ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், போதும்.

பேக்கிங் செய்பவர்களுக்கு

அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் வீட்டிலேயே கேக், ரொட்டி செய்து விற்கும் தோழிகள் பலர் எழுதியிருந்தீர்கள். உங்களுக்காக:

முட்டை சேர்க்காத வீட்டுக்கு ஆளி விதை பெரிய வரம். 1 மேசைக்கரண்டி பொடியில் 3 மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகும். அது ஒரு முட்டைக்குச் சமம். மஃபின், பிஸ்கட், வாழைப்பழ கேக்குக்குப் பொருந்தும். முட்டையை அடித்து நுரைக்க வைத்து உப்பும் ஸ்பாஞ்ச் கேக்குக்குப் பொருந்தாது.

ரொட்டியில் மாவின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விதை போடாதீர்கள். 400 கிராம் மாவுக்கு 40 கிராம். விதைகளை அளந்த தண்ணீரில் முன்னதாகவே ஊற வைத்து, அந்தத் தண்ணீரின் அளவை மாவுக்கான தண்ணீரில் கழித்துக்கொள்ளுங்கள். ஊறாமல் போட்டால் விதை மாவின் ஈரத்தை உறிஞ்சி, ரொட்டி மறுநாளே வறண்டுவிடும்.

சூரியகாந்தி விதை போட்ட மஃபின் உள்ளே பச்சையாக மாறிவிட்டது, பூஞ்சையா என்று ஒரு தோழி பயந்து கேட்டிருந்தார். பூஞ்சை இல்லை. அந்த விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சமையல் சோடாவோடு சேர்ந்து பச்சை நிறம் தருகிறது. சாப்பிடலாம், கெடுதல் இல்லை. நிறம் வேண்டாம் என்றால் சோடாவைக் குறைத்து, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

*கேழ்வரகு - எள் பிஸ்கட்:* கேழ்வரகு மாவு முக்கால் கப்பை வாசனை வர வறுத்து ஆற வைக்கவும். அதோடு கோதுமை மாவு முக்கால் கப், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை கலந்து சலிக்கவும். வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 75 கிராம் இரண்டையும் நன்றாகக் குழைத்து, மாவு, வறுத்த எள் 3 மேசைக்கரண்டி, ஆளி விதைப் பொடி 1 மேசைக்கரண்டி சேர்த்து, இரண்டு மூன்று கரண்டி பால் தெளித்துப் பிசையவும். 24 உருண்டைகளாக்கித் தட்டி, 170 டிகிரி சூட்டில் 14 முதல் 16 நிமிடம் வேக வைக்கவும். ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும்.

இதில் ஒரு பிஸ்கட்டுக்கு எள் சுமார் ஒரு கிராம்தான் வரும். வெண்ணெயும் சர்க்கரையும் அதைவிட அதிகம். மைதா பிஸ்கட்டைவிட மேல் என்று சந்தோஷமாகக் கொடுங்கள். 'ஹெல்த்தி' என்று நினைத்துப் பத்து கொடுக்காதீர்கள்.

வாங்குவதும் வைப்பதும்

சென்னையின் ஈரக் காற்று விதைகளுக்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், பூச்சியும் வைக்கும். ஒரே தடவை ஒரு கிலோ வாங்காமல் 100, 200 கிராமாக வாங்குங்கள். விற்பனை வேகமாக ஓடும் கடையில் வாங்குவது நல்லது. மாட வீதிகளில் உள்ள பழைய மளிகைக் கடைகளில் எள் நாள்பட்டுக் கிடப்பதில்லை. கழுவிக் காய வைத்து, லேசாக வறுத்து, காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் அடையுங்கள். 'மிக்ஸ்' பாக்கெட் வாங்குமுன் பின்பக்கம் திருப்பி, எது எத்தனை சதவிகிதம் என்று பாருங்கள். அதே விதைகளை உதிரியாக வாங்கினால் என்ன விலை என்று கிராமுக்குக் கிராம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

யாருக்குக் கவனம் தேவை?

சின்னக் குழந்தைகளுக்கு முழு விதை வேண்டாம், புரை ஏறும். பொடியாகவோ துவையலாகவோ கொடுங்கள். சிலருக்கு எள் ஒவ்வாமை உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல், பாக்கெட் உணவில் எள் இருந்தால் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருளாக அதைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் தடவை கொடுக்கும்போது கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் வருகிறதா என்று கவனியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள், கர்ப்பிணிகள் தினசரி விதை சேர்க்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நார்ச்சத்து அதிகம் என்பதால் எல்லோருமே தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

மாதவிடாயின் முதல் பாதியில் இந்த விதை, இரண்டாம் பாதியில் அந்த விதை என்று செல்போனில் சுற்றும் யோசனைக்கு இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை. சாப்பிட்டால் தப்பில்லை. ஆனால் பி.சி.ஓ.டி. சிகிச்சையை நிறுத்திவிட்டு அதை நம்பி இருக்காதீர்கள்.

அந்தப் பொடி யார் தட்டுக்குப் போகிறது?

இனி சொல்லப் போவதுதான் இந்த வாரம் மிக முக்கியமானது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். படித்த வீடு, வசதியான வீடு என்றால் இது வராது என்று சொல்லிவிட முடியாது.

ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது தேசியக் கணக்கு. ஆணுக்கு 19 போதும். ஒரு மேசைக்கரண்டி எள்ளில் கிடைப்பது சுமார் ஒன்றரை மில்லிகிராம்தான். அதனால் மூச்சு வாங்குகிறது, களைப்பாக இருக்கிறது, முடி கொட்டுகிறது என்றால் விதை டப்பாவைத் தேடாமல், முதலில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால் முழுவதும் சாப்பிடுங்கள். விதை, கீரை, பருப்பு எல்லாம் அந்த நிலைக்குப் போகாமல் காப்பதற்கும், சரியான பிறகு மறுபடி இறங்காமல் பிடித்துக்கொள்வதற்கும்.

ஆனால் அதற்கு அது உங்கள் தட்டுக்கு வர வேண்டுமே! விலை கொடுத்து வாங்கிய விதையைப் பையன் டப்பாவுக்கும், வீட்டுக்காரரின் சாலட்டுக்கும், மாமனாரின் கஞ்சிக்கும் அளந்து போட்டுவிட்டு, கடைசியில் வழித்த ரசமும் மோருமாக நாம் முடித்துக்கொள்கிற வழக்கம் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பள்ளி முடிக்கப் போகும் மகளும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள்.

ஆகவே இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. 200 கிராம் கறுப்பு எள், 100 கிராம் ஆளி விதை வாங்குங்கள். மேலே சொன்ன தூவும் பொடியைச் செய்து, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் எள், சீரகக் கலவையையும், ஃபிரிட்ஜ் கதவில் ஆளி விதைப் பொடியையும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் ஞாயிற்றுக்கிழமை வரை, பரிமாறும்போது முதல் கரண்டியை உங்கள் தட்டிலும் மகள் தட்டிலும் போட்டுவிட்டு, பிறகு மற்றவர்களுக்குப் போடுங்கள். டப்பா எத்தனை நாளில் காலியானது என்று எழுதுங்கள். அடுத்த வாரம் கருவேப்பிலையையும் முருங்கைக் கீரையையும் எடுத்துக்கொள்ளலாம்.